ஒரு வேலி நிலமும் 3,000 அடியும்: மாரடைப்புக்குப் பின் ஒரு டெல்டா விவசாயியின் ஓராண்டு

டெல்டாவில் ஐம்பதைத் தாண்டிய ஒரு விவசாயியிடம் உடற்பயிற்சி செய்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். முகம் லேசாகச் சுருங்கும். "வயக்காட்டுல கெடக்குறவனுக்கு எதுக்கு டாக்டர் வாக்கிங்?" என்பார். இந்த ஆய்வில் வருபவரும் அதைத்தான் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் அந்தப் பதில் சரி. இன்று அது சரியில்லை என்பதை அவருடைய செல்போனே காட்டிக்கொடுத்தது. அதை வைத்து ஓராண்டு என்ன செய்தோம், எது நின்றது, எது நழுவியது என்பதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 56. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். ஒரு வேலி நிலம். இருபது மா, ஏக்கர் கணக்கில் ஆறரைக்குச் சற்று மேல். தண்ணீர் வந்தால் குறுவை, அப்புறம் தாளடி. வராவிட்டால் சம்பா மட்டும். மனைவி, மகள், பேத்தி உடனிருக்கிறார்கள். மகன் சிங்கப்பூரில். சர்க்கரை நோய் நான்கு வருடமாகத் தெரியும். மாத்திரை ஞாபகம் வந்தால் சாப்பிடுவார். பீடியை விட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். ஆனால் வெற்றிலை, சீவல், கூடவே ஒரு கிள்ளு புகையிலை, தினமும் ஏழெட்டு முறை. அதை அவர் புகையிலைப் பழக்கம் என்று கணக்கில் சேர்க்கவே இல்லை. அப்பாவுக்கு 60 வயதில் 'தூக்கத்திலேயே' உயிர் போயிருக்கிறது. குடும்பத்தில் இதய நோய் உண்டா என்றால் இல்லை என்கிறார்கள். இப்படிப்பட்ட தூக்கத்து மரணங்களைத் தோண்டிக் கேட்டால்தான் வரலாறு வெளியே வரும்.

நிகழ்ந்தது என்ன

தை மாதம், சம்பா அறுவடை. நெல் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிக் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், ஆகவே காயவைத்துக் காத்திருக்கிறார். மூன்றாவது இரவு பனிக்குப் பயந்து தார்ப்பாயை இழுத்து மூடும்போது நெஞ்சின் நடுவில் கரித்தது. தாடை வரை ஒரு இழுப்பு. சட்டை நனையும் அளவுக்கு வேர்வை, அதுவும் தை மாதக் குளிரில். மணி சுமார் இரண்டு.

வாயு என்று முடிவு செய்தார். சோடா குடித்தார். பக்கத்திலிருந்தவர் கொடுத்த கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூட்டை மேல் சாய்ந்தார். ஆறு மணிக்குத்தான் அக்கா மகன் பைக்கில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனான். ஈசிஜியில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி அங்கேயே மாத்திரைகள் தரப்பட்டன. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் இது: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகையான அட்டோர்வாஸ்டாடின் எட்டு, மொத்தம் 14 மாத்திரை, முதல் வேளையாக. பிறகு 108-இல் ஏற்றி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் முழுதாக அடைத்திருந்தது. மணிக்கட்டு வழியாகப் போய் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

இரண்டு விஷயங்களை இங்கே நின்று சொல்லியாக வேண்டும். சோடாவில் போன நான்கு மணி நேரம் இதயத் தசைக்கு விலை வைத்தது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு அரை மணியும் தசை சாகும் நேரம். இன்னொன்று, பைக். வழியில் துடிப்பு தாறுமாறாகிப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சரிந்தால், ஓட்டுபவனால் ஒன்றும் செய்ய முடியாது. 108 வர இருபது நிமிஷம் ஆனாலும், அதில் ஆக்சிஜனும் ஆளும் இருக்கிறார்கள். அந்த 14 மாத்திரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு. வேண்டாம். ஈசிஜி பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

வீடு திரும்பி மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தார். எடை 78 கிலோ, உயரம் 166 செ.மீ., உடல் நிறை குறியீடு 28.3. நம் போன்ற ஆசிய உடல்வாகுக்கு 23-க்கு மேலேயே எடை கூடுதல்தான். இடுப்புச் சுற்று 102 செ.மீ.; ஆணுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. ரத்த அழுத்தம் மருந்தோடு 138/86. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 சதவீதம். மருத்துவமனையில் சேர்த்த அன்று கெட்ட கொழுப்பான எல்டிஎல் 148, இன்னொரு வகை ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 236, நல்ல கொழுப்பு 34. எக்கோவில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு 45 சதவீதம்; 55-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனையில் 360 மீட்டர் நடந்தார், இரண்டு இடத்தில் நின்று.

ஒரு நல்ல செய்தி, பாதங்களில் உணர்ச்சி சரியாக இருந்தது. நடக்கச் சொல்வதற்கு முன்னால் சர்க்கரைக்காரரின் பாதத்தைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

செல்போன் சொன்ன கணக்கு

மகன் வாங்கி அனுப்பிய போன். சட்டைப் பையிலேயே கிடக்கும். அதற்குள் ஒரு செயலி அவருக்கே தெரியாமல் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. கார்த்திகை, மார்கழி மாதங்களைத் திறந்து பார்த்தோம். சம்பாப் பயிர் நின்ற காலம், தினமும் வயலுக்குப் போய்வந்த காலம். சராசரி நாளுக்கு 3,100 அடி. ஒரே ஒரு நாள் 5,000-ஐத் தாண்டியிருந்தது; அன்று உறவில் ஒரு கல்யாணம், பந்தி விசாரித்திருக்கிறார்.

அவர் நம்பவில்லை. "காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சா ராத்திரி வரைக்கும் ஓட்டந்தானே டாக்டர்." ஓட்டம்தான், ஆனால் டிவிஎஸ் எக்செல்லில். வீட்டிலிருந்து வயல், வயலிலிருந்து உரக்கடை, கடையிலிருந்து கூட்டுறவு வங்கி. வரப்பில் அரை மணி நிற்பார், மோட்டார் கொட்டகையில் ஒரு மணி உட்காருவார். சேடை ஓட்டுவது டிராக்டர். நடவு மெஷின் அல்லது ஒப்பந்த ஆட்கள். அறுவடை பெல்ட் வண்டி. களைக்கு மருந்து. அண்டை வெட்டக்கூட இரண்டு ஆள். அவருடைய வேலை போன் பேசுவது, பணம் கொடுப்பது, கவலைப்படுவது.

அவருடைய அப்பா கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒன்று, ஏறக்குறைய 1,350 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பையின் சால் 20 செ.மீ. அகலம் என்று வைத்தால், ஒரு மாவை ஒரு தடவை உழ மாட்டுக்குப் பின்னால் கிட்டத்தட்ட 6.7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதுவும் முழங்கால் சேற்றில். அப்பா உழுத நிலம்தான், சாப்பிட்ட சோறும் அதே அளவுதான். உழைப்பு மட்டும் டீசலுக்குப் போய்விட்டது. அப்பாவும் அறுபதில் போய்விட்டாரே என்று கேட்கலாம். அவருக்குப் பீடியும் யாரும் அளக்காத ரத்த அழுத்தமும் இருந்தன. உழைப்பு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது.

இந்த வித்தியாசத்தை மருத்துவ உலகம் முதலில் கண்டுபிடித்தது லண்டன் பஸ்களில். ஜெரிமி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1953-இல் வெளியிட்ட ஆய்வு: மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களுக்கு, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களைவிட இதய நோய் அதிகம். ஒரே பஸ், ஒரே கம்பெனி, ஒரே வருமானத் தரம். நம் ஊரில் வரப்பில் நிற்பவர் டிரைவர். சேற்றில் குனிந்திருப்பவர் கண்டக்டர். குனிந்திருப்பவருக்கு இதய நோய் வராது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. கூலி வேலை செய்பவர்களிடம் புகையிலையும் கண்டுபிடிக்கப்படாத ரத்த அழுத்தமும் ஏராளம். உழைப்பு ஒரு கதவைத்தான் சாத்தும், மற்றவை திறந்தே கிடக்கும்.

எத்தனை கதவுகள் என்பதை 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு எண்ணிச் சொன்னது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்தது. புகையிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் என்ற ஒன்பதும் சேர்ந்து முதல் மாரடைப்பின் ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன. அதே தரவிலிருந்து பின்னர் வந்த இன்னொரு கணக்கு நமக்கு முக்கியம்: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. நம் ஆளிடம் இந்த ஒன்பதில் மது தவிர எட்டும் இருந்தன.

நடையைக் கட்டியது எப்படி

ஸ்டென்ட் வைத்தவரை உடனே கிலோமீட்டர் கணக்கில் நடக்கவிட முடியாது. முதலில் வாசல், திண்ணை, கொல்லை, ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிஷம், காலை மாலை. அடைப்பு சரிசெய்யப்பட்டுவிட்டதா, வேறு குழாய்களில் மிச்சம் இருக்கிறதா, துடிப்பில் கோளாறு உண்டா என்று இதய மருத்துவர் பார்த்து அனுமதி தந்த பிறகே நேரத்தைக் கூட்டினோம். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுவது என்று பொதுவாக வைத்துக்கொண்டோம். களைத்தால் கூட்டவில்லை.

வேகத்துக்கு நாடித் துடிப்பை அளவாக வைக்கவில்லை. அவர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை அடக்கியே வைத்திருக்கும். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கெல்லாம் இவரிடம் எடுபடாது. கூட வருபவரிடம் வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் மெதுவாக, முடிவில் ஐந்து நிமிஷம் மெதுவாக. வேகமாக நடந்துவிட்டு டக்கென்று நின்றால் ரத்தம் கால்களிலேயே தேங்கித் தலைசுற்றும். நெஞ்சு இறுக்கம், வழக்கத்தைவிட மூச்சு வாங்குதல், கண் இருட்டல் எது வந்தாலும் உட்கார்ந்து, நாக்கடியில் வைக்கும் மாத்திரையை வைத்து, ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108. இதை அவரிடம் சொன்னதைவிட அவர் மனைவியிடம் அதிக நேரம் சொன்னேன்.

எங்கே நடப்பது என்பதில்தான் டெல்டா முட்டுக்கட்டை போட்டது. கிராமச் சாலையில் நடைமேடை கிடையாது, நெல் லாரி கிடையாத நேரமும் கிடையாது. விடியற்காலையில் நாய். வரப்பில் செருப்போடு நடந்தால் வழுக்கும், செருப்பில்லாமல் நடந்தால் சர்க்கரைக்காரர் காலில் முள்ளோ நண்டு வளை விளிம்போ கிழிக்கும், பாம்பு வேறு. முதல் பதினைந்து நாளில் நான்கு நாள்தான் வெளியே போனார்.

வழியைக் கண்டுபிடித்தது மகள். பேத்தியை மன்னார்குடியில் பள்ளியில் விடுவது தாத்தா வேலை. விட்டுவிட்டு டீக்கடையில் பேப்பர் படிப்பார். அந்த அரை மணியை ஹரித்ராநதிக் கரைக்கு மாற்றினார்கள். சுமார் 23 ஏக்கர் குளம். நான்கு கரையிலும் தெரு. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவர் வேகத்தில் கால் மணி. இரண்டு சுற்று, வாரத்தில் ஐந்து பள்ளி நாள். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச 150 நிமிஷம் யாரும் கணக்குப் பார்க்காமலே நிறைந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, நடப்பதா வேண்டாமா என்று தினமும் காலையில் முடிவெடுக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுத்தானே ஆக வேண்டும்.

10,000 அடி வேண்டுமா என்று மகன் சிங்கப்பூரிலிருந்து கேட்டான். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பிரபலமானது. மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த எல்லை கிடையாது. 3,000-இலிருந்து 7,000-க்கு வருவதே பெரிய லாபம்.

இரண்டு மாதம் கழித்துத் தசைக்கும் வேலை கொடுத்தோம். வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைக் கையால் தள்ளி வளைவது, பாதி வாளித் தண்ணீரை இரு கையிலும் தூக்கிக் கொல்லையைச் சுற்றுவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. அந்த நொடியில் ரத்த அழுத்தம் சர்ரென்று ஏறும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தைத் தூக்கிக் காட்ட ஒரு தடவை ஆசைப்பட்டார். அந்த வீரத்தை ஒத்திவைத்தோம்.

நடை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வேகமாக ஓடும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசும்போது அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடை விடும். குழாய் தளர்ந்து விரியும். வேலை செய்யும் தசை இன்சுலின் தயவில்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகி, ஓய்வில் துடிப்பு எண்ணிக்கை குறையும். இதய மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சி எடுத்தவர்களிடம் இதய நோயால் வரும் மரணம் ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. மாத்திரை அளவுக்கு மதிக்க வேண்டிய வைத்தியம்தான், எழுதிக்கொடுக்கத்தான் நாங்கள் சோம்பல்படுகிறோம்.

அடுப்படியில் ஒரு கிலோ உப்பு

உப்பைக் குறையுங்கள் என்று சொல்லாத டாக்டர் இல்லை, குறைத்த வீடும் அதிகமில்லை. கிராம் கணக்கு அடுப்படியில் எடுபடாது. ஆகவே அவர் மனைவியிடம் வேறு மாதிரி கேட்டேன்: ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? "மாசம் ஒண்ணு ஆவும்." வீட்டில் நான்கு பேர். 1,000 கிராமை நான்கு பேருக்கு 30 நாளாகப் பிரித்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல். இதில் கடை மிக்சர், அப்பளம், கருவாடு சேரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 5 கிராமுக்குள். நான்கு பேருக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20, அதாவது ஒரு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். அந்த அம்மா பாக்கெட் பிரித்த தேதியைக் காலண்டரில் குறித்துவைக்க ஆரம்பித்தார். முதல் பாக்கெட் 36 நாள், அடுத்தது 41. ஆறாவது மாதத்தில் 50-ஐத் தொட்டார். வெளியில் வரும் உப்பும் உண்டு என்பதால் 50-க்கு மேல் போனால் இன்னும் நல்லது. நாக்கு கேட்டபோது புளி, எலுமிச்சை, மிளகு கைகொடுத்தன. மோரில் உப்பு போடுவதை நிறுத்த மட்டும் மூன்று மாதம் ஆயிற்று.

கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இவர் ராமிப்ரில் சாப்பிடுகிறார், ஆகவே சாதாரண உப்பையே குறைத்துப் போடச் சொன்னேன்.

சோறு பற்றி நீண்ட சண்டை நடந்தது. நெல் விளைவிக்கிறவனைச் சப்பாத்தி தின்னச் சொல்வதா? சொல்லவில்லை. தட்டில் முதலில் கூட்டு, பொரியல், கீரை. பாதித் தட்டு அது. பருப்போ மீனோ கால் பங்கு. மிச்சமிருக்கும் இடத்தில் சோறு. இரண்டாவது முறை சோறு கிடையாது, குழம்பு வேண்டுமானால் உண்டு. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் எவ்வளவும் சாப்பிடலாமா என்று கேட்டார். தவிடு நீக்காத அரிசி நல்லதுதான், நார்ச்சத்து கூடும், ஆனால் அதுவும் அரிசிதான், அளவு அளவுதான். மீன் அவருக்கு இஷ்டம். நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியைக் குழம்பு வைத்தால் ஒமேகா-3 கொழுப்பு கிடைக்கும். பொரித்தால் எண்ணெயும் சேர்ந்து கிடைக்கும். எண்ணெய்க்கும் மாதக் கணக்கே வைத்தோம்: தலைக்கு அரை லிட்டர், நான்கு பேருக்கு இரண்டு. முன்பு நான்கு லிட்டர் ஓடியது. இப்போது இரண்டரையில் நிற்கிறது. மழைக்காலத்தில் பஜ்ஜி வந்துவிடுகிறது.

காபி நாலு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதிலேயே நாளுக்கு 40 கிராம். இரண்டு டம்ளர், அரை ஸ்பூன் என்று பேசி முடித்தோம். காபியை அடியோடு விடச் சொல்லியிருந்தால் என்னையே விட்டிருப்பார்.

வெற்றிலைப் பெட்டி

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். புகை விட்டாயிற்று, மெல்லுவதில் என்ன என்பது அவர் வாதம். இன்டர்ஹார்ட் தரவில் மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுவது தெரிந்தது. நிக்கோட்டின் எந்த வழியில் போனாலும் குழாயைச் சுருக்கும், துடிப்பைக் கூட்டும். சீவல் தனியாக வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலைக்குக் கிடைத்த மரியாதை அதற்குள் மடித்து வைக்கும் புகையிலைக்கும் சேர்த்துக் கிடைத்ததாக அவர் பாவித்துக்கொண்டார்.

முதலில் புகையிலையை நிறுத்தினார், பிறகு சீவல். சாப்பாடு முடிந்ததும் கை பெட்டியைத் தேடும். அந்த நேரத்துக்கு ஏலக்காயும் கிராம்பும், கூடவே பத்து நிமிஷம் வாசலில் மெதுவான நடை. சாப்பிட்டவுடன் வேக நடை கூடாது; இப்படிச் சாவகாசமாக உலாவுவது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையையும் தணிக்கும். பழக்கத்தை விட உதவும் அரசு இலவச எண்ணான 1800-11-2356-இல் இரண்டு முறை பேசினார். வைகாசியில் பங்காளி வீட்டு இழவில் தாம்பூலத் தட்டு சுற்றி வந்தபோது சறுக்கினார். ஆவணியில் ஒரு கல்யாணத்தில் மறுபடியும். இப்போது நான்கு மாதமாகப் புகையிலை இல்லை. சீவல் எப்போதாவது உண்டு.

சித்திரையில் வந்த பின்னடைவு

பள்ளி விடுமுறை விட்டது. கூடவே கத்திரி வெயில். ஹரித்ராநதிக்குப் போகும் காரணம் போயிற்று, நடையும் போயிற்று. அதே நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: கொழுப்பு மாத்திரை கல்லீரலைக் கரைத்துவிடும். நான்கு மாதமாக நன்றாகத்தானே இருக்கிறோம், நடக்கவும் செய்தோமே என்று ஸ்டாடினை நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் 70-க்கு வந்திருந்த எல்டிஎல் மறுபடி 118. நல்லவேளை, ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை நிறுத்தவில்லை. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் அவற்றைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி உயிர் போகலாம்.

ஸ்டாடினால் சிலருக்குத் தசைவலி வரும், கல்லீரல் நொதிகள் சற்றே ஏறுவதும் உண்டு, அதற்காகத்தான் பரிசோதனை. அவருக்கு இரண்டுமே இல்லை என்று ரிப்போர்ட்டைக் காட்டினேன். மறுபடி தொடங்கினார். ஊரில் இன்னமும் "நடந்தே கொலஸ்ட்ராலைக் கொறச்சேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையில் எல்டிஎல்லைக் குறைத்தது மாத்திரை. நடை குறைத்தது சர்க்கரையை, இடுப்பை, ட்ரைகிளிசரைடை. கூட்டியது மூச்சுத் தெம்பை. எது எதன் வேலை என்று தெரியாவிட்டால் ஒன்று கூடியதும் மற்றதை விட்டுவிடுவார்கள்.

விடுமுறைக்கு மாற்று ஏற்பாடு எளிதுதான். அந்தி சாய்ந்ததும் ராஜகோபால சுவாமி கோயில் பிராகாரம். உச்சி வெயிலில் வெறுங்காலோடு கல்தரையில் நடந்தால் சர்க்கரைக்காரர் பாதம் கொப்பளிக்கும், ஆகவே மாலைதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். அந்த மாதங்களில் எக்செல்லை மோட்டார் கொட்டகையிலேயே விட்டுவிட்டு மற்ற வயல் துண்டுகளுக்கு வாய்க்கால் கரையில் காலணியோடு நடந்தே போவது என்று வைத்துக்கொண்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள். அந்த நாட்களில் வீட்டுக் கூடத்தில், டிவி செய்தி முடியும்வரை. போரடிக்கும் என்றார். போரடிக்கத்தான் செய்யும்.

தூக்கத்தில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. மும்முனை மின்சாரம் ராத்திரி முறை வரும்போது மோட்டாருக்கு எழுந்து போகிறார். குறட்டை பலமாக இருப்பதால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு உண்டா என்று சோதிக்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் போகவில்லை. கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும் மன உளைச்சலுக்கு என்னிடம் மருந்தில்லை. இந்தத் தையில் இரவுக் காவலுக்கு ஆள் போட்டார், அவ்வளவுதான்.

கணவரைக் கவனிக்க வந்த மனைவிக்கு ரத்த அழுத்தம் பார்த்தோம்: 158/96. வேறொரு நாளும் பார்த்தோம், குறையவில்லை. இதுவரை யாரும் அவருக்கு அளந்ததே இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவருக்கு நடக்க நேரம் எங்கே என்று கேட்டால், சிரித்துக்கொண்டே அடுக்களையைக் காட்டுகிறார். அந்தக் கேள்விக்கு இந்தக் குடும்பம் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. சிங்கப்பூர் மகனும் தன் கொழுப்பைப் பார்த்துக்கொண்டான். எல்டிஎல் 160-ஐத் தாண்டி இருந்தது. வயது 29.

ஓராண்டு முடிவில்

எடை 72.5 கிலோ. இடுப்பு 95 செ.மீ. ரத்த அழுத்தம் 126/78. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.9. எல்டிஎல் 62, ட்ரைகிளிசரைடு 160, நல்ல கொழுப்பு 38. ஆறு நிமிடத்தில் நிற்காமல் 470 மீட்டர். எக்கோவில் 52 சதவீதம். இதில் பெரும்பங்கு அடைப்பை நீக்கியதற்கும் மருந்துக்கும் போகும், நடைக்கும் கொஞ்சம் இடம் உண்டு. போன் காட்டும் சராசரி 6,800 அடி. நல்ல கொழுப்பு அவ்வளவாக ஏறவில்லை. நடையால் அது மெதுவாகவும் கொஞ்சமாகவும்தான் ஏறும், அதைக் காட்டி யாரையும் ஏமாற்றக் கூடாது.

ஒரே ஒருவர் கதையை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது. இவருக்கு ஊருக்குள் ஒரு குளக்கரை இருந்தது, பேத்தி பள்ளி இருந்தது, உப்புப் பாக்கெட் தேதியைக் குறித்த மனைவி இருந்தார். நிலமில்லாத, துணையில்லாத ஒருவருக்கு இதே திட்டத்தை எழுதிக்கொடுத்தால் இதே பலன் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வேறு குளக்கரை தேட வேண்டியிருக்கும்.

இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தலாமா என்பதை இந்த மாதம் இதய மருத்துவர் முடிவு செய்வார். ஆஸ்பிரினும் ஸ்டாடினும் தொடரும். இடுப்புக்கு அடுத்த இலக்கு 90. குறட்டைப் பரிசோதனைக்கு மாசி முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறோம், அறுவடை முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில்.